ஐம்பத்திரண்டு வயதில் இருவர்

பணி ஓய்வு விழாக்களில் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "இத்தனை வருஷம் உழைச்சாச்சு, இனி நல்லா ஓய்வெடுங்க." சங்கரன்கோவிலில் எனக்கு நடந்த விழாவிலும் இதைத்தான் சொன்னார்கள். அன்போடு சொன்னார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அது கெடுதலான யோசனை என்று நான் நினைக்கிறேன். அதைக் கேட்டு நடந்தவர்களில் பலரை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சாயங்காலம் சங்கரநாராயணர் கோயில் பிராகாரத்தில் சர்க்கரை அளவையும் முழங்கால் வலியையும் பேசிப் பேசியே இரண்டே வருஷத்தில் பத்து வருஷம் மூத்துப்போனார்கள்.

இன்னொரு வகையினரும் உண்டு. இவர்கள் ஓய்வே எடுப்பதில்லை, நாற்காலியையும் விடுவதில்லை. சங்கத்தில் தலைவர், கமிட்டியில் செயலாளர், பஞ்சாயத்தில் கடைசிச் சொல் இவர்களுடையது. இளையவன் ஒருவன் புதிதாக எதையாவது செய்ய வந்தால், "இதெல்லாம் நாங்க அப்பவே பார்த்தாச்சு தம்பி" என்று உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வகையினரால் அவர்களுக்கு மட்டுமே நஷ்டம். இரண்டாம் வகையினரால் அடுத்த தலைமுறைக்கும் நஷ்டம்.

முதுமையை இந்த இரண்டு வழியிலும் போகவிடாமல் மூன்றாவது ஒரு வழியில் கொண்டுபோன மனிதர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அவர் பெயர் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

பள்ளி ஆண்டுவிழாக்களில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு காட்சிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று கப்பல். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய பத்தொன்பது வயதுப் பையன், இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள், எரிந்து ஓய்ந்த நட்சத்திரமான வெண்குறுமீனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது. இன்று சந்திரசேகர் எல்லை என்று நாம் சொல்லும் அந்த அளவு சூரியனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்னொரு காட்சி 1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளைப் படித்து முடித்ததும், அன்றைய வானியல் உலகின் தலைமகனான ஆர்தர் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ள இயற்கையில் இடமே இருக்காது என்ற பொருளில் பேசி, சபையைச் சிரிக்க வைத்த காட்சி.

இரண்டும் உண்மை, இரண்டும் சொல்லப்பட வேண்டியவை. ஆனால் அதோடு நிறுத்தினால், இளமையில் மேதையாக இருந்து அநியாயம் இழைக்கப்பட்ட ஒருவர் கடைசியில் பரிசு வாங்கிய கதையாகச் சுருங்கிவிடுகிறது. இடையில் உள்ள அரை நூற்றாண்டு காணாமல் போகிறது. எனக்கு முக்கியமாகப் படுவதோ அந்த அரை நூற்றாண்டுதான், அதிலும் அதன் பின்பாதி.

எடிங்டன் பிறந்தது 1882 டிசம்பர் 28. ஆகவே அந்தக் கூட்டத்தன்று அவருக்கு வயது 52. சந்திரசேகருக்கு 24. எடிங்டன் சின்ன மனிதரல்ல. 1919 சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குச் சான்று தேடித் தந்தவர்களில் முதன்மையானவர். நட்சத்திரங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர், 52 வயதில், தாம் கட்டிய வீட்டுக்குள் ஓர் இளைஞன் புது வாசல் திறந்ததைப் பார்த்துத் தம் பெயரின் கனம் முழுவதையும் போட்டு அதை மூடினார். பௌலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் இளைஞன் சொன்னதே சரி என்று தனியாகச் சொன்னார்களே தவிர, சபையில் எழுந்து சொல்ல யாரும் வரவில்லை.

சந்திரசேகர் என்ன செய்தார்? சில வருஷம் வாதாடிப் பார்த்தார். பிறகு, தமக்குத் தெரிந்த அனைத்தையும் 1939-இல் நட்சத்திர அமைப்பைப் பற்றிய ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, அந்தத் துறையையே விட்டு வெளியேறினார். அப்போது அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். கசப்பில் வெளியேறினார் என்று சிலர் எழுதுகிறார்கள். முதல் தடவை அப்படி இருந்திருக்கலாம். ஆனால் அதன்பின் அவர் வாழ்நாள் முழுக்க அதையேதான் செய்தார், யாரும் விரட்டாதபோதும் செய்தார்.

நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கத்தை எடுத்துக்கொண்டார், 1942-இல் நூல். ஒளி ஒரு வளிமண்டலத்தின் ஊடாகக் கடந்துபோகும் கணிதம், 1950-இல் நூல். பாயும் திரவங்களின் நிலைப்பாடு, 1961-இல் நூல். சுழலும் திரவக் கோளங்களின் வடிவம், 1969-இல் நூல். ஒவ்வொரு துறையிலும் உள்ளே போய், வருஷக்கணக்காக உட்கார்ந்து, தமக்கென்று ஒரு முழுப் பார்வை கிடைத்ததும் அதை முதலிலிருந்து முடிவு வரை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவார். அந்த நூல்கள் அந்தந்தத் துறைக்காரர்கள் இன்றும் புரட்டுகிறவை. எழுதியவரோ அடுத்த வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பழக்கத்துக்கு விதை சென்னையிலேயே விழுந்தது என்று எனக்குத் தோன்றும். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். பிரசிடென்சி கல்லூரி மாணவனான சந்திரசேகர் அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். அதைச் சொல்லலாம் என்று ஆசையோடு நேரில் போய்ப் பார்த்தால், அந்தப் புத்தகத்தில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, புதுக் குவாண்டம் இயற்பியல் வந்துவிட்டது என்று அதை எழுதியவரே சொல்லிவிட்டார். சோர்ந்துபோய் வீடு திரும்பியிருக்கலாம். அவரோ அதன்பின் சில மாதங்களில் புதியதைக் கற்று, அதை வைத்துத் தம் முதல் பெரிய கட்டுரையை எழுதினார். கற்றது பழையதாகும், அதில் அவமானம் ஒன்றுமில்லை என்பது பதினெட்டு வயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. நம்மில் பலருக்கு அறுபதிலும் தெரிவதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1962-இல் சந்திரசேகருக்கு 52 வயது ஆகிறது, எடிங்டனுக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த அதே வயது. இவரும் இப்போது துறையின் தலைமகன். உலகின் முதன்மையான வானியல் இயற்பியல் இதழுக்கு ஆசிரியர். எந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றாலும் சபை அடங்கும். அந்த வருஷத்தில்தான் அவர் பொதுச் சார்பியலுக்குள், அதாவது ஈர்ப்பு விசையைப் பற்றிய ஐன்ஸ்டைனின் கோட்பாட்டுக்குள், மாணவராக நுழைந்தார். போலந்தில் வார்சா நகரை ஒட்டி நடந்த ஈர்ப்பியல் மாநாட்டில் டிராக், ஃபெயின்மன் போன்ற பெரிய இயற்பியலாளர்கள் கூடியிருந்தார்கள். அந்தத் துறையில் தம் பெயரில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவராக இவரும் போய் உட்கார்ந்தார்.

இது லேசான காரியமில்லை. ஐன்ஸ்டைன் அந்தக் கோட்பாட்டை வெளியிட்டது 1915-இல். அதன்பின் பல பத்தாண்டுகள் அது பெரும்பாலான இயற்பியலாளர்கள் கால்வைக்காத மூலையாகவே கிடந்தது. கணிதமோ கரடுமுரடானது. பத்து சமன்பாடுகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் அதை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குவதைப் பார்த்து நண்பர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இரண்டே வருஷத்தில், 1964-இல், முதல் தரமான ஒரு முடிவோடு அவர் வெளியே வந்தார். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளஸ் ஒன் பாடத்தில் நாம் நடத்தும் ஈர்ப்பியலுக்கும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பியலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதில் தெரியும். ஒரு நட்சத்திரம் தன் எடையாலேயே உள்ளே நொறுங்கிவிழாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் அழுத்தம். நியூட்டனின் கணக்குப்படி அழுத்தத்துக்கு ஒரே வேலை, தாங்குவது. ஐன்ஸ்டைனின் கணக்கில் அழுத்தமும் ஈர்ப்பை உண்டாக்கும். வீட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுத்த கம்பமே கூரைமேல் ஏறிப் பாரமாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நட்சத்திரம் பெரிதாகப் பெரிதாக, தாங்குவதற்காகக் கூடும் அழுத்தமே எடையையும் கூட்டிவிடுகிறது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அது உள்ளே சரியத் தொடங்கும்.

அந்தக் கட்டம் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. சூரியனின் ஆரம் ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர். அதைக் கருந்துளையாக ஆக்க வேண்டுமென்றால் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுக்க வேண்டும். அந்த அளவுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் ஐன்ஸ்டைனின் திருத்தம் காரியத்துக்கு வரும் என்று நினைத்திருந்தார்கள். சந்திரசேகர் கணக்குப் போட்டுக் காட்டியது வேறு. மிகப் பெரிய நிறையுள்ள ஒரு நட்சத்திரம், தன் கருந்துளை ஆரத்தைப்போலப் பல மடங்கு பெரிதாக இருக்கும்போதே நிலைகுலைந்துவிடும். 1963-இல்தான் குவாசர்கள் என்னும் பேரொளி விண்பொருள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று தெரியவந்து, அத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று வானியலாளர்கள் திகைத்து நின்றார்கள். பெரும் நிறைகள் நொறுங்குவதைப் பற்றிய கேள்வி சுடச்சுட இருந்த நேரத்தில் இந்த விடை வந்தது.

இதில் என்னை நெகிழவைக்கும் ஒன்று உண்டு. 24 வயதில் சபையின் சிரிப்புக்கு ஆளானாரே, அந்தக் கேள்வியும் இதே கேள்விதான்: எல்லை மீறிய நிறை என்ன ஆகும்? முப்பது வருஷம் கழித்து, வேறு வாசல் வழியாக, வேறு கணிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே அறைக்குள் வந்து சேர்ந்தார். பழி தீர்க்கும் எண்ணத்தோடு வரவில்லை. 1944-இல் எடிங்டன் இறந்தபோது அஞ்சலி செலுத்திப் பேசியவர் இவர். 1982-இல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை நிகழ்த்தி, அவரைத் தம் காலத்தின் மிகச் சிறந்த வானியல் இயற்பியலாளர் என்று தலைப்பிலேயே வைத்து நூலாகவும் வெளியிட்டார். இந்தப் பெருந்தன்மையை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் என் குரல் எனக்கே கொஞ்சம் தடுமாறும்.

1971-இல் இதழாசிரியர் பொறுப்பைத் தாமாகவே விட்டார். பத்தொன்பது வருஷம் அந்த இதழைத் தோளில் சுமந்து உலகத் தரத்துக்குக் கொண்டுவந்தவர், இறக்கிவைத்துவிட்டு நடந்தார். நாற்காலியை விடாதவர்களைப் பற்றி முதலில் சொன்னேன். விட்டவர் ஒருவரை இங்கே பாருங்கள்.

1974-இல் மாரடைப்பு. 1977-இல் இதய அறுவை சிகிச்சை. இந்த வருஷங்களில்தான் அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான வேலையைச் செய்தார் என்பதை முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. எடுத்துக்கொண்டது கருந்துளைகளின் கணிதம். நியூசிலாந்துக்காரரான ராய் கெர் 1963-இல், தம் இருபத்தொன்பதாம் வயதில், சுழலும் கருந்துளைக்கான துல்லியமான விடையை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எடுத்திருந்தார். நிறை, சுழற்சி என்று இரண்டே அளவுகள் தெரிந்தால் போதும், பேரண்டத்தில் உள்ள கணக்கற்ற கருந்துளைகளை அந்த ஒரே விடை அப்படியே வர்ணித்துவிடும். தம் அறிவியல் வாழ்க்கையிலேயே தம்மை உலுக்கிய அனுபவம் இதை உணர்ந்ததுதான் என்று சந்திரசேகர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், அதுவும் தம்மைவிட மிக இளையவர், கண்டுபிடித்த ஒன்றைப் பற்றி இப்படிச் சொல்வதற்குத் தனி மனம் வேண்டும்.

கருந்துளையைச் சீண்டினால் என்ன ஆகும்? அது சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் அதிர்ந்து, சீக்கிரம் அடங்கிவிடும். இதை 1970-இல் முதலில் காட்டியவர் பெங்களூர்க்காரரான சி. வி. விஸ்வேஸ்வரா. 1975-இல் சந்திரசேகர், தம் மாணவர் வயதில் இருந்த ஸ்டீவன் டெட்வைலரோடு சேர்ந்து அந்த அதிர்வெண்களைக் கணக்கிட்டார். நாற்பது வருஷம் கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவில் லைகோ கருவிகள் பிடித்தன. அந்தப் பதிவின் கடைசிப் பகுதி, புதிதாகப் பிறந்த கருந்துளை அதிர்ந்து அடங்குவது. அதைப் பார்க்கச் சந்திரசேகர் இல்லை, விஸ்வேஸ்வரா இருந்தார்.

கருந்துளை நூல் 1983-இல் வந்தது. அதில் உள்ள ஒரு தகவலை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. நூலில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகச் சில இடங்களில் ஐம்பது பக்கம் வரை கணக்குப் போட வேண்டும். யாராவது சரிபார்க்க விரும்பினால் உதவட்டும் என்று, தாம் கையால் போட்ட ஏறத்தாழ 600 பெரிய தாள்களையும் ஆறு நோட்டுகளையும் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்திருந்தார். இதய நோயாளி, எழுபதை நெருங்கும் வயது, ஒவ்வொரு படியும் கைக்கணக்கு.

அதே 1983 அக்டோபர் 19, அவருடைய 73-ஆவது பிறந்தநாளன்று, நோபல் அறிவிப்பு வந்தது. பாராட்டுரை அவருடைய இளமைக்கால வேலையையே முன்னால் வைத்துப் பேசியதில் அவருக்கு வருத்தம். எனக்கு அது நியாயமான வருத்தமாகவே படுகிறது. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் செய்ததை உலகம் கணக்கில் எடுக்கத் தயங்குகிறது.

இந்தத் தயக்கத்தைப் பற்றி அவரே ஆழமாக யோசித்தவர். 1975-இல் சிகாகோவில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பேதோவன் மூவரையும் வைத்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கலைஞர்கள் வயதாக ஆக மேலே போகிறார்கள், அறிவியலாளர்கள் ஏன் பெரும்பாலும் இளமையோடு தேய்ந்துவிடுகிறார்கள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அதில் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவின் பேச்சு ஒன்றை எடுத்துச் சொன்னார். அறுபதைத் தாண்டிய அறிவியலாளன் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்வான் என்று உயிரியலாளர் ஹக்ஸ்லி சொன்னதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, இளையவர்களின் வேலையை விமர்சிக்கப் புறப்பட்டால் அப்படி ஆகலாம், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் ஆக வேண்டியதில்லை என்றாராம் ராலே. சந்திரசேகர் ஒரு படி மேலே போனார். தெரிந்த வேலையோடு நிற்காமல், தெரியாததையும் எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அவர் மனைவி லலிதா அம்மையார் பிரசிடென்சி கல்லூரியில் அவரோடு இயற்பியல் படித்தவர், தாமே ஆராய்ச்சிக்குத் தகுதியானவர். 1936-இல் கல்யாணமாகி அமெரிக்கா போனபின் தம் ஆராய்ச்சியை விட்டுவிட்டார். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மேசையில் இருக்கும் கணவரின் வாழ்க்கையை நடத்திக் கொடுத்தவர் அவர். நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தார். சந்திரசேகரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். இந்தக் கட்டுரையும் ஒரு பத்திக்குமேல் ஒதுக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. நம் வீடுகளிலும் ஓய்வு என்று சொல்லி ஆண்களுக்குத்தான் சால்வை போடுகிறோம். அடுப்படிக்கு ஓய்வு நாள் யார் குறித்தார்கள்?

மேதைக்கு முடியும், நமக்கு எப்படி என்று கேட்பவர்களை எங்கள் தெருவுக்குக் கூப்பிடுவேன். இங்கே முன்பு எந்த நேரமும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அறுபதைத் தொட்ட தறிக்காரர் அண்ணாச்சி ஒருவர், தறியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்கிறார். சொல்லிக்கொடுப்பவன் அவருடைய தம்பி மகன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், கட்டம் கட்டமாக மயிலின் கழுத்தை நிரப்புவார். மௌஸ் பிடித்த கை நடுங்கும். அந்தப் பையன் "பெரியப்பா, ரைட் கிளிக்" என்று அதட்டுவான். இவர் "சரிப்பா, சரிப்பா" என்பார். எத்தனையோ சேலை நெய்த கை அது. தாம் வளர்த்த பையனிடம் அதட்டு வாங்கச் சம்மதித்திருக்கிறாரே, அதை நான் பெரிய காரியம் என்பேன். வார்சா மாநாட்டில் போய் உட்கார்ந்த மனசும் இதே மனசுதான்.

எண்பதை எட்டியபோது சந்திரசேகர் நியூட்டனிடம் போனார். அவருடைய பிரின்சிபியா நூலைப் பொது வாசகருக்காக விளக்கி எழுதத் தொடங்கினார். அவர் வைத்துக்கொண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. தேற்றம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் படிப்பார். நியூட்டனின் நிரூபணத்தைப் பார்க்காமல் மூடிவைத்துவிட்டு, இன்றைய கணிதத்தில் தாமே நிறுவிப் பார்ப்பார். அதன்பின் நியூட்டன் எப்படிச் செய்தார் என்று திறந்து பார்ப்பார். முந்நூறு வருஷத்து முன்னேற்றங்களைக் கையில் வைத்திருந்தும் பல இடங்களில் நியூட்டனின் வழியே சுருக்கமாகவும் அழகாகவும் இருப்பதைக் கண்டு வியந்தார். அந்த நூல் 1995-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று காலமானார்.

அதே முறையில் நானும் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். உள்ளீடற்ற ஒரு கோளத்தின் உள்ளே ஈர்ப்பு இல்லை என்பது பிரின்சிபியாவின் முதல் பகுதியில் 70-ஆம் முன்மொழிவு. வெளியே இருக்கும் பொருளை அந்தக் கோளம், தன் நிறை முழுவதும் மையத்தில் திரண்டிருப்பதுபோல இழுக்கும் என்பது 71-ஆம் முன்மொழிவு. பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியவைதான். தொகையீடு செய்து நான் போட்ட விடை நோட்டில் ஒரு முழுப் பக்கம் வந்தது. நியூட்டன் தொகையீட்டைப் பக்கத்திலேயே சேர்க்காமல், வெவ்வேறு தூரத்தில் இரண்டு துகள்களை வைத்து, சில கோடுகள் இழுத்து, இரண்டின் மீதும் விழும் விசையை ஒப்பிட்டே முடித்துவிடுகிறார். பிளஸ் ஒன் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு துகள் போதாதா சார், எதுக்கு ரெண்டு வச்சாரு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஒரு துகளை மட்டும் வைத்துப் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.